கதவு கேட்ட உறவு

மருத்துவமனையின் கணினிகளுக்கும் கதவுகளுக்கும் நுழைவுமுறையை அமைத்தவள் மீனலோசனி. கடவுச்சொல், அட்டை, டோக்கன் எதுவும் கிடையாது. வந்து நிற்பவரின் முகத்தைக் கேமராவில் பார்த்து, அந்த நேரத்தில் அவர் அங்கே யார் என்று தெரிந்துகொண்டுதான் கணினியும் திறக்கும், கதவும் திறக்கும். பொறுப்போ உறவோ முடிந்தால் அனுமதியும் அப்போதே முடிந்துவிடும்.

அவள் கணவன் திருமாறன் அங்கேதான் தீவிர சிகிச்சையில் கிடந்தான். மனைவி என்ற அனுமதியில் அவள் போய்வந்துகொண்டிருந்தாள். அன்று காலை முகம் கழுவிவிட்டு வந்தபோது கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் அவன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். அனுமதியில்லாதவர் வெளியே நின்றால் உள்ளேயிருந்தும் திறக்க முடியாது. அதுவும் அவள் எழுதிய விதிதான்.

அலுவலகத்தில் உடன் வேலைசெய்யும் ஜெபராஜை அழைத்தாள்.

"அழாதீங்கக்கா, இப்பவே சேத்துடறேன். என்ன ரோல் போடட்டும்?"

"மனைவின்னே போடுப்பா."

"ஏத்துக்க மாட்டேங்குதுக்கா. அவரு இப்ப..."

இறந்தவருக்கு உறவென்று யாரையும் அவள் அந்த அமைப்பில் வைத்திருக்கவில்லை. அப்போது அது தேவையென்றே தோன்றவில்லை.

"துப்புரவுப் பணியாளர்னு போடு" என்றாள்.

கதவு உடனே திறந்தது.