பன்னிரண்டாவது நாற்காலி

பதினோரு பேரின் பாதங்களைக் கழுவி முடித்தும் தாம்பாளத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

ஆயருக்கு அதில் ஒரு நிம்மதி. சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது.

போன வருடம் இப்படி இல்லை. பன்னிரண்டு சீடர்களின் பாதங்களை இயேசு கழுவியதை நினைத்து வருடந்தோறும் செய்கிற சடங்கு இது. ஆறாவதாக உட்கார்ந்திருந்த முதியவரின் குதிகாலில் புண். ஆயரின் கை தானாகப் பின்வாங்கிவிட்டது. துண்டின் நுனியால் தொட்டும் தொடாமலும் ஒற்றிவிட்டு நகர்ந்துவிட்டார்.

கோயிலே பார்த்தது. அந்த முதியவரும் பார்த்தார். அதன்பிறகு அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஒரு வருடமாக அது நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது. அதற்கு ஆயர் கண்டுபிடித்த மருந்து ஓர் உத்தரவு. இந்த முறை எல்லார் காலும் சுத்தமாக இருக்க வேண்டும். கோயிலில் மணியடிக்கிற, பெருக்கித் துடைக்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாவது நாற்காலியின் முன் மண்டியிட்டார்.

கணுக்கால் வரை சேறு. வெடிப்புகளில் ஈரமண் அப்பியிருந்தது.

நிமிர்ந்தால், அதே கோயில்பிள்ளை! வரவேண்டிய ஆள் வராததால் கடைசி நிமிடத்தில் இவரைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

"ஏம்ப்பா, உன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே?" ஆயர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பின்னாடி குழாயடியில பதினோரு பேருக்கும் நானே தேய்ச்சுக் கழுவிவிட்டேன், ஆண்டவரே. அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. என் காலுக்குத்தான் நேரமில்லாமப் போச்சு."

சொல்லிவிட்டுக் கோயில்பிள்ளை காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

ஆயர் விடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். துண்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வெடிப்பாக விரலால் தேய்த்தார். தண்ணீர் கலங்கியது. பாட்டு முடிந்தது. பாடகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி முதலடியைப் பிடித்தார்கள்.

துடைத்தார். குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். சபை அறிய வேண்டாம், இவர் காதில் விழுந்தால் போதும். பேர் சொல்லி, முகம் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஆயர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

ஒன்பது வருடமாக, விடிந்தால் எழுந்தால், "ஏம்ப்பா" என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய். அதற்கு அந்தப் பேர் தெரியவில்லை.