இருபத்துநான்காவது கையெழுத்து

கோப்பில் இருந்த இருபத்துநான்கு விருப்பக் கடிதங்களில் ஒன்றுதான் நிஜம். மற்ற இருபத்துமூன்றையும் பாரியே எழுதியிருந்தான். கையெழுத்துக்குக் கையெழுத்து பேனாவை மாற்றியிருந்தான்.

நகராட்சி அலுவலகத்தில் நகரமைப்பு ஆய்வாளர் ராஜ்மோகன் அவற்றை நிதானமாகப் புரட்டினார். மாற்றலாகி வந்து மூன்று மாதம்; நெய்வேலியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். வரைபடம் போட்ட பொறியாளன் என்ற முறையில் எதிரே நின்ற பாரியின் பார்வை மேசை விளிம்பைத் தாண்டவில்லை.

"பழைய பீங்கான் சூளை எடத்துல முதியோர் குடியிருப்பு. பிளானு நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த ஊருல எவன்யா பெத்தவங்கள அங்க அனுப்புவான்?"

"இருபத்துநாலு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

"எங்கம்மா சென்னையில தம்பி வூட்டுல ராணி மாதிரி இருக்குது. போன பொங்கலுக்குக்கூட பொடவை அனுப்பிச்சேன். வயசானவங்களுக்குப் புள்ளைங்கள வுட்டா வேற என்னய்யா வேணும்?"

குடிவர ஆள் இருக்கிறது என்று காட்டினால்தான் அனுமதி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பாரி ஒரு மாதம் விருப்பப் படிவத்தோடு தெருத்தெருவாக அலைந்தான். தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறவர்கள்கூடப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"கட்டுங்க தம்பி, வந்து இருந்துக்கறோம். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. எம்புள்ள மானம் போயிடும்."

கடைசியில் ஜங்ஷன் ரோட்டுச் சுவர்களில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளைப் பார்த்துப் பெயர்களை எடுத்துக்கொண்டான். செத்தவர்களுக்கு வீடு கேட்டவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான். அதை நினைத்தாலே காது மடல் சுட்டது.

நிஜமான ஒருவர், பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குப் பிசிறு தேய்க்கும் தங்கம்மாள். கேட்டவுடன் பேனாவை வாங்கி முதல் எழுத்தைப் போட்டவள், "இது யாரு கைக்குத் தம்பி போவும்?" என்றாள். நகரமைப்பு ஆய்வாளர் கைக்கு என்றான். பேனா கொஞ்சம் நின்றது. போட்ட எழுத்தை அடித்துவிட்டுப் பெயரைப் புதிதாக எழுதினாள். அந்தத் தாளில் மட்டும் அவள் விரல் பட்ட வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

ராஜ்மோகன் கோப்பை மூடினார். "இதுல ஒருத்தர நேர்ல காட்டு. பாத்துட்டு மேல அனுப்பிடறேன். இல்லேன்னா கோப்பத் தூக்கிக்கிட்டுப் போயிடு."

"யார சார்?"

"நீயே சொல்லு. உசுரோட இருக்கற ஆளா பாத்துச் சொல்லு."

அவர் சிரித்தார்.

"தங்கம்மாள்," என்றான் பாரி.

பாரியின் வண்டியிலேயே போனார்கள். பேட்டைக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். வண்டிச் சத்தத்துக்கு நாலைந்து வாசல்களில் தலைகள் தெரிந்தன. அந்த அம்மா வீட்டில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. முழங்கை வரை வெள்ளை மண்ணோடு நின்றாள் கிழவி. பாரிக்கு மூச்சு வந்தது.

"தங்கம்மாள்ங்கறது…" என்று கோப்பைப் பார்த்தபடியே கேட்டு, ராஜ்மோகன் நிமிர்ந்தார். கோப்பு கையிலிருந்து நழுவித் தாள்கள் வாசலில் சிதறின.

"அம்மா… நீ சென்னையில இல்ல? தம்பி வூட்டுல… எத்தினி நாளா இங்க…"

வெள்ளை மண் ஒட்டிய தாள் பாரியின் காலடியில் கிடந்தது. அடித்த எழுத்தை இப்போதுதான் உற்றுப் பார்த்தான். அது 'த' இல்லை.

கிழவி எட்டிப் பார்த்த தலைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாரியிடம் சொன்னாள்.

"சாரு வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசறாரு தம்பி. எனக்குப் புள்ளைங்களே கெடையாது."