இரட்டை முடிச்சு

கூடத்தில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பளபளக்கும் தாளில் சுற்றிய பரிசுகள். வாசலோரம், ஆதரவற்ற பெண்கள் விடுதிக்கென்று, பழைய செய்தித்தாளில் கட்டிய துணிப் பொட்டலங்கள். ஆராதனை முடிந்து வந்த குடும்பம் வட்டமாக உட்கார்ந்திருக்க, அண்ணி ஒவ்வொரு பரிசாக எடுத்துக் கொடுக்கிறாள். எல்லார் மடியிலும் தாள் சரசரவென்று கிழிகிறது. போன வருடம் கணவனைப் பறிகொடுத்த தங்கையின் மடியில் மட்டும் ஒன்றுமில்லை. மரத்தடி காலியானதும் அண்ணி சற்று யோசிக்கிறாள். வாசலோரம் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டுகிறாள். "தப்பா நினைக்காதம்மா. நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்குப் பளபளப்பெல்லாம்?" மருந்துக்குக்கூட ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்குகிறார்: "கொடுக்குற மனசை எங்களுக்குத் தந்த ஆண்டவரே, ஸ்தோத்திரம்." எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள். தங்கையின் விரல் சணல் முடிச்சைத் தடவுகிறது. அவள் போடுகிற இரட்டை முடிச்சு. நேற்றுச் சாயங்காலம் இதே தரையில் உட்கார்ந்து அத்தனை பொட்டலங்களையும் கட்டியவள் அவள்தான். ஒவ்வொன்றையும் இறுக்கி முடித்ததும், "யார் பெத்த பொண்ணோ, இதை வாங்கிக்கப் போறவளைக் கைவிட்டுடாதேப்பா" என்று மனமுருகி வேண்டிக்கொண்டவளும் அவள்தான். "ஆமென்" என்கிறார்கள் எல்லாரும். அவளும் சொல்கிறாள்.