தருவைகுளத்தில் ஒரு கைகுலுக்கல்

பேராசிரியர் கோஷ் கையை நீட்டினார். ஆக்னஸ் பிடித்தாள். விடவில்லை.

டாக்டர் ஜீவமணி கோஷின் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டைப் புரட்டினார்.

ஆக்னஸுக்கு ஒரு நோயும் கிடையாது. கோயில் திருவிழாவில் கயிறு இழுத்து ஜெயித்தவள்.

அவளுக்குப் பின்னால் வலைக் கொட்டகையின் வாசல்வரை வரிசை. வாசலுக்கு வெளியேயும் வரிசை. எல்லோரும் விரல்களை இறுக்கி மடக்கி வைத்திருந்தார்கள். தருவைகுளமே வந்திருந்தது.

வர வேண்டியது ஒரு குடும்பம்தான். சங்கு குளிக்கும் ரோச், அவர் தம்பி, ரோச்சின் பிள்ளைகள். பிடித்ததை அவர்கள் கை உடனே விடாது. குளிர் பட்டால் விரல் விரிய இன்னும் நேரமாகும். கடலடிக்கு இறங்கப் பிடிக்கும் கல்லுக் கயிற்றை விட முடியாமல் ரோச் ஒருநாள் கல்லோடு சேர்ந்தே மேலே வந்தார்.

அன்று அவரைப் பரிசோதித்ததிலிருந்து ஜீவமணிக்கு வேறு வேலை இல்லை. தலை நரைத்துவிட்டது.

அரிய நோய்களில் நெடுங்காலம் உழைத்த விஞ்ஞானிகளுக்கென்று தில்லியில் ஒரு நிதி இருந்தது. ஜீவமணி கேட்டிருந்தார். ஒரே குடும்பத்தை வைத்து நிதி தர முடியாது, உறவில்லாத இன்னொரு குடும்பமாவது வேண்டும் என்றது குழு. ஆனாலும் நேரில் பார்த்து முடிவு செய்ய கோஷை அனுப்பியது. அடுத்த வருடம் ஜீவமணிக்கு ஓய்வு. நிதி வராவிட்டால் அவரோடு ஆய்வும் முடிந்தது.

"உங்க குடும்பம் மட்டும்னா ஆள் காணாதாம் ரோச்" என்று ஒருநாள் வருத்தத்தில் சொல்லியிருந்தார்.

அதுதான் பிசகு. சர்க்காரிடம் எதையாவது வாங்க வேண்டுமானால் கூட்டத்தைக் காட்ட வேண்டும். புயல் நிவாரணத்தில் ஊர் கற்றுக்கொண்டது அது.

ஆக்னஸ் ஒருவழியாகக் கையை விட்டாள். அடுத்து செபாஸ்டின். கை விறைத்திருந்தது. போதாதென்று ஒரு காலையும் இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஏலே, இந்தச் சீக்குல கால் கெடையாதுல" என்றாள் ஆக்னஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருந்துட்டுப் போட்டும். சேத்துக் கேப்போம்."

கோஷுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அரை வாழ்க்கை நோயாளிகளோடு கழித்தவர். செபாஸ்டின் திரும்பிப் போகும்போது மற்றக் காலை இழுத்ததைக் கவனித்தார்.

"அரிய நோய் என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?" என்று ஜீவமணியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

பிறகு சிரித்துவிட்டார். கொட்டகையும் சிரித்தது. அவர் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். நாடகத்துக்குள் அவரும் நுழைந்துவிட்டார்.

ஜீவமணியால் சிரிக்க முடியவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் தில்லி போய் என்ன சொல்வார்? ஒரு குடும்பமும், பொய் சொல்லக் கற்ற ஓர் ஊரும் என்றுதானே.

வரிசையின் கடைசியில் அய்யாக்குட்டி நின்றார்.

கரையில் இறால் வாங்கி, ஐஸ் போட்டு, புதுத் துறைமுகத்துக்கு அனுப்புகிற வியாபாரி. பூர்வீகம் ஓட்டப்பிடாரம். ஐஸ் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்போல முழங்கைவரை ஈரம் சொட்டியது.

ஏலம் முடிந்தால் கை கொடுத்து விலையை உறுதி செய்வது இந்தக் கரையின் வழக்கம். அய்யாக்குட்டி ஒருநாளும் கொடுத்ததில்லை. வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தத் திமிரை ஊர் மன்னித்ததும் இல்லை.

"அண்ணாச்சி, எங்க கை நாறும்னு ஒதுங்குவீரு. தில்லிக் கை மணக்குதோ?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

கோஷ் கையை நீட்டினார். அய்யாக்குட்டி ஒரு கணம் தயங்கினார். பிறகு பிடித்தார்.

கொட்டகை சிரித்தது. கோஷும் சிரித்தபடி கையை உருவப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை.

"நம்மள எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டாருடே!" பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஜீவமணி எழுந்து போனார். ஒவ்வொரு விரலாக அவரே பிரித்து எடுத்தார். பிறகு அந்தக் கையை மலர்த்தி, கட்டைவிரலின் அடிச்சதையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார்.

கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. அப்படியே நின்றது. மெல்ல, மிக மெல்ல, திரும்பியது.

அதை யாராலும் நடிக்க முடியாது.

கோஷின் சிரிப்பு நின்றுவிட்டது. சுத்தியலை வாங்கி அவரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"ரோச்சுக்கு இவர் என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்லை." ஜீவமணி அய்யாக்குட்டியின் கையை இன்னும் விடவில்லை. "இந்த ஊரில் இவருக்கு யாரோடும் ரத்த உறவு இல்லை."

கோஷ் தலையை அசைத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். அன்று காலையிலிருந்து அவர் பேனாவைத் தொடவே இல்லை.

அவர்கள் பேசிய ஆங்கிலம் அய்யாக்குட்டிக்குப் புரியவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுகி மடங்கிய அத்தனை கைகளையும் ஒன்று விடாமல் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து ஊர் கண்டதில்லை.

"இத்தன பேருக்கா இருக்கு? கேள்விப்பட்டதும் நம்ப முடியாமத்தான் ஓடி வந்தேன். எனக்கு மட்டுந்தான்னுல்லா இத்தன காலமும் மறைச்சிட்டுத் திரிஞ்சேன்."



ஆக்னஸ் கையை விரிக்கப் போனவள் அப்படியே வைத்துக்கொண்டாள். கொட்டகையில் ஒருவரும் கையை விரிக்கவில்லை.