நீரற்ற நிலை

"ஐயையோ, சுட்டே சாகடிச்சிட்டீங்களே டீச்சர்!"

தமிழ் வாத்தியார் பதறிக்கொண்டு ஆய்வக மேசையை நெருங்கினார். சற்று முன்புவரை பளபளவென்று நீலமாக இருந்த மயில்துத்தம், சுடர்மேல் பிடித்திருந்த சோதனைக்குழாயில் வெறும் வெள்ளைப் பொடியாகக் கிடந்தது.

"ஒண்ணும் சாகல சார். உள்ள இருந்த தண்ணி போயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"தண்ணி இல்ல டீச்சர், நீர். நீர் இருந்தா நீரேறிய உப்பு. போயிட்டா நீரற்ற உப்பு. பிள்ளைங்க படிக்கப்போற சொல்லு, முதல்ல நம்ம வாயில சுத்தமா வரவேண்டாமா?"

பள்ளியின் அறிவியல் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் பார்க்க வந்திருப்பதாகத்தான் அவர் சொல்லியிருந்தார். அது வெறும் சாக்கு. போன வாரம் இதே மேசைக்கு எதிரே நின்று, வியர்த்து விறுவிறுத்து, "என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் அவர். டீச்சர் இன்னும் வாய் திறக்கவில்லை. வாத்தியாருக்கோ மாற்றல் உத்தரவு கையில் வந்துவிட்டது, மாலை ரயிலுக்குப் பெட்டியும் கட்டியாகிவிட்டது. இன்றும் பதில் வராவிட்டால் இனி அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

வாட்ச்மேன் முதல் ஹெட்மாஸ்டர் வரை எல்லோரிடமும் "நீர் வாரும், நீர் அமரும்" என்று வெளுத்துக் கட்டுபவர் அவர். ஆசிரியர் அறையே அவர் முதுகுக்குப் பின்னால் அப்படிப் பேசிக் காட்டிச் சிரிக்கும். இந்த டீச்சருக்கு முன்னால் மட்டும் அந்த மிடுக்கெல்லாம் ஆவியாகி, வெறும் "நீங்க" ஆகிவிடும்.

டீச்சர் சுடரை அணைத்தார். குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு, அதையே பார்த்தபடி சொன்னார்.

"நீர் இருந்த வரைக்கும் எவ்வளவு அழகா இருந்துச்சு, பாத்தீங்களா? நீர் போயிட்டா இதுக்கு நிறமே இல்ல சார்."

"அடடா! எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இப்பவாவது வாயில 'நீர்'னு வந்துச்சே!" வாத்தியார் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அடுத்த நிமிடமே அவர் முகம் தொங்கிப்போனது. உப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற டீச்சருக்கு, தான் கேட்ட கேள்விக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"சரி டீச்சர், ரயிலுக்கு நேரமாச்சு. நான் கிளம்பறேன்."

"ஒரு நிமிஷம். நீர் திரும்பி வந்தா பழைய நிறமும் வந்துடும், தெரியுமா?"

"தெரியும், தெரியும். கையேட்டுல அதையும் சேத்துக்கங்க" என்றபடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது, அது 'சம்மதமில்லை' என்பதுதான் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு வாசல்வரை போய்விட்டார்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார், பார்வையை மட்டும் அதைவிட்டு எடுக்கவில்லை.

"நீர் திரும்பி வருவீரா, மாட்டீரா? அது தெரியாம இது இப்படியே வெளுத்துப்போய்க் கிடக்கணுமா?"

வாத்தியாரின் கால் தானாக நின்றது. காதல் தோற்றாலும் இலக்கணம் தோற்க அவர் விடமாட்டார்.

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசினீங்க! 'வருவீரா' இல்ல டீச்சர், 'வருமா'. நீர் அஃறிணை."

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நான் சொன்ன நீர் உயர்திணை, சார்."