அதுக்கு முன்னாடி எந்த ஊரு?

"சும்மா கேக்கறாங்களா? என்னடி பேசற!"

லண்டனிலிருந்து லீவுக்கு வந்திருந்த மஹாலட்சுமி டீச்சர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறியே நின்றுபோனது.

"இத்தன வருஷமா அங்க பாடம் நடத்திக்கினு இருக்கேன். இன்னும் அந்த வெள்ளக்காரங்க எந்த ஊருன்றாங்க. லண்டன்னு சொன்னா விடறதில்ல, அதுக்கு முன்னாடி எந்த ஊருன்றாங்க. மனுஷிய எடை போடற கேள்விடி அது!"

"கத்தாதம்மா, ஒருத்தர் வர்ற நேரம்" என்று மகள் காயத்ரி காபி போட எழுந்துபோனாள்.

வந்தவர் வாசலில் தொங்கிய 'மாடி வாடகைக்கு' போர்டைத் தாண்டி உள்ளே வந்தார். லண்டன் திரும்புமுன் மாடிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் டீச்சர் முகம் முழுக்கத் தெரிந்தது.

"பேரு என்னப்பா?"

"கிறிஸ்டோபர், ஆன்ட்டி. இஞ்சினியரா இருக்கேன்."

"எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"மாகறல்."

"மாகறல்ல எந்தப் பக்கம்?"

"காலனி, ஆன்ட்டி."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. "மாடிக்கு வேற ஆள் பேசியாச்சேப்பா."

காபியோடு வந்த காயத்ரி தம்ளரை கிறிஸ்டோபர் கையில் கொடுத்தாள்.

"அவரு மாடியப் பாக்க வரலம்மா. உன்னத்தான் பாக்க வந்தாரு. பொண்ணு கேக்கறதுக்கு."

வைகாசியில் பதிவுத் திருமணம் முடிந்து காயத்ரி மாகறலுக்கே குடிபோனாள். டீச்சர் லண்டனில்தான் இருக்கிறார். மருமகன் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், இஞ்சினியர் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறாராம்.