ஜன்னல் சீட்டு

நண்பன் ராஜ்கமல் வீட்டுக்குச் செல்வம் டீ குடிக்க வந்த நேரம், ராஜ்கமலுக்குச் சிதம்பரத்துப் பள்ளியொன்றிலிருந்து எல்கேஜி அட்மிஷனுக்காகப் போன் வந்தது.

“வேன் கீரப்பாளையம் வருமா? பாப்பாவுக்கு ஜன்னல் சீட்டுதான் வேணும். இடது கையால எழுதுனா திட்டுவீங்களா? தயிர்சாதம் வச்சா அப்படியே திருப்பிக் கொண்டாந்துடுவா, பாத்துக்கணும்.”

அரைமணி நேரம் போனில் பேசிய பள்ளிக்காரப் பெண்ணை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டுத்தான் வைத்தான்.

செல்வம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “பொறந்த மூணாம் நாளே போயிட்ட புள்ளைக்கு எதுக்கு மச்சான் ஜன்னல் சீட்டு?”

“ஆஸ்பத்திரில பதிஞ்சது எங்கயோ லிஸ்ட்ல இருக்குடா. அவளப் பத்திக் கேக்குறது இவுங்க மட்டுந்தான்.”

அடுப்படியிலிருந்து மனைவி எழிலரசி எட்டிப் பார்த்தாள். “ஜன்னல் சீட்டு காலையிலயே எங்கிட்ட ஒத்துக்கிட்டாங்களே! நீங்க டான்ஸ் கிளாஸ் கேக்கலியா?”